அத்தை குளித்த பீங்கான் தொட்டி

என் அன்புள்ள அத்தைக்கு,

சுகமா என்று கேட்டு ஆரம்பித்தால், "செத்தவகிட்ட கேக்குத கேள்வியாட்டி இது?" என்பீர்கள். அதனால் நேராகச் செய்திக்கு வருகிறேன். நேற்று நம் பீங்கான் தொட்டியை வண்டியேற்றி அனுப்பிவிட்டேன். பண்பொழியிலிருந்து ஒருவர் வந்து கேட்டார், கொடுத்துவிட்டேன். புறவாசலில் அது கிடந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் சொல்லாமல் எப்படி?

வேறு யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும். நமக்குள் நடந்ததில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

வடகரை வயலில் அறுப்பு நடக்கும்போது வரப்பில் நின்று நீங்கள் போடும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட உங்களுக்கு ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. உங்கள் மகன் பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ பனியில். மகள் கோமதி மதுரையில். தென்காசி வீட்டில் நீங்களும் நானும்தான்.

என்னை நீங்கள் விரும்பி மருமகளாகக் கொண்டுவரவில்லை. எனக்குப் பிள்ளை தங்காததைக் கதிர் அறுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறீர்கள். ஆனாலும் உங்களைத் தூக்க என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்கும் உங்களை விட்டால் பேச்சுத் துணை இல்லை. அப்படித்தான் ஆரம்பித்தது அத்தை. பாசமெல்லாம் அப்போது கிடையாது.

கட்டிலில் வைத்தே துடைத்துவிட்டேன். படுத்தே கிடந்ததில் உங்கள் முதுகு புண்ணாயிற்று. கால் மடங்கியபடியே இறுகிக்கொண்டு வந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வெதுவெதுன்னு தண்ணியில தினமும் உடம்பு முழுக முக்கி வைக்கணும்மா. இல்லேன்னா இந்தக் கால் நீளாது" என்றார். ஆள் முங்குகிற தொட்டிக்கு நான் எங்கே போவேன்?

அந்தச் சமயத்தில்தான் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வெள்ளைக்காரன் குடியிருந்த பங்களா. அவன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. போய்ப் பார்த்தால், அவன் குளித்த தொட்டி வெளியே மாட்டுக்குத் தண்ணி காட்டக் கிடந்தது. ஆள் நீளம். இரும்பில் வார்த்து மேலே வெள்ளைப் பீங்கான் பூச்சு. காவல்காரர், "எடுத்துட்டுப் போறதுன்னா போங்கம்மா, இத அசைக்கவே ஆறு ஆளு வேணும்" என்றார்.

ஆள் பிடித்து, வண்டியேற்றி, வீட்டில் இறக்கிக் கழுவிய பிறகுதான் அதன் லட்சணம் தெரிந்தது. உட்காருகிற இடத்தில் பூச்சு தேய்ந்து இரும்பு கறுப்பாகத் தெரிந்தது. தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றித் துரு. கையை வைத்துத் தடவினால் கொத்திய அம்மி மாதிரி சொரசொரவென்று இருந்தது. புண்ணான முதுகை இதில் எப்படிச் சாய்ப்பது?

புளியங்குடிச் சந்தையில் கழித்துப் போட்ட எலுமிச்சம்பழத்தை ஒரு சாக்கு நிறைய வாங்கிவந்து தேய்த்தேன். காவியும் உப்புக்கறையும் போயிற்று. போன பீங்கான் திரும்பி வருமா? லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற மைதீன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பீங்கான் வைக்க நம்மால ஆவாது தாயி. அதுக்குச் சூளை வேணும். பள்ளத்தைப் பட்டி வச்சு அடைச்சு, எனாமல் பெயிண்ட் அடிச்சுத் தாரேன். வழுவழுன்னு இருக்கும்" என்றார்.

அப்படியே அடித்தும் கொடுத்தார். புதுத்தட்டு மாதிரி மின்னியது. தெருவே வந்து பார்த்தது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேலே காய்ந்துவிட்டது என்று நினைத்து நானும் அவசரப்பட்டு வெந்நீரை ஊற்றி, உங்களை இறக்கினேன்.

நினைவிருக்கிறதா அத்தை? நீங்கள் சேலையை அவிழ்க்க விடவில்லை. இருக்கிற ஒரு கையால் மாராப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குழறிக் குழறி, "சேலையோட எறக்குட்டி" என்றீர்கள். சேலையோடுதான் இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கித் தோல் உரிந்த மாதிரி கழன்று வந்தது. உங்களைத் தூக்கியபோது சேலையிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாய் ஒட்டியிருந்தது. புண்ணிலிருந்து அதைத் தேங்காயெண்ணெய் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். நீங்கள் கத்தவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் போதும் என்று ஆகிவிட்டது. அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

மைதீன் அண்ணாச்சி வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "லாரி மேல வெந்நீர் யாரு ஊத்துதா தாயி? எனக்கு இது தோணலியே!" அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத முகத்தோடு சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மறுபடி முதலிலிருந்து. அவருக்குப் புளியங்குடியில் லாரி வேலை இருந்ததால் சுரண்டுவதை நானே எடுத்துக்கொண்டேன். மத்தியானம் நீங்கள் கண்ணயரும் நேரத்தில் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்து, தகட்டால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்ப்பேன். விரல் நுனியெல்லாம் தோல் போய்விட்டது. சாதம் பிசைந்தால் எரியும். உங்களுக்கு ஊட்டும்போது நீங்கள் என் விரலையே பார்ப்பீர்கள். 

இந்த முறை துருவுக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டை முதலில் அடித்தோம். அதற்கு மேல் வெள்ளை, மெல்லிசாக, ஒன்று காய்ந்தபின் ஒன்று. சாரலில் எதுவும் காயவில்லை. தொட்டிக்கு அடியில் கரி அடுப்பை வைத்துத் தணல் போட்டேன். பெயிண்ட் நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. சாரல் விட்டு வெயில் வந்து, நகத்தால் அழுத்தினாலும் தடம் விழவில்லை என்று ஆன பிறகுதான் தண்ணீர் விட்டேன். முதலில் பச்சைத்தண்ணி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர்.

பூச்சு நின்றது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை நீளமாக விட்டு, "ஆ..." என்றீர்கள். அவ்வளவுதான். அதற்கு முன்னால் நான் செய்த எதற்கும் நீங்கள் அப்படி ஒரு சத்தம் கொடுத்ததில்லை. கொஞ்ச நாள் போனபின் ஒருநாள் நீங்களாகவே மாராப்பிலிருந்து கையை எடுத்தீர்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன். "எங்கனட்டி பாக்குத? தேய்" என்றீர்கள்.

கால் முழுசாக நீளவில்லை. புண் ஆறியது.

கோமதி வந்த அன்று நீங்கள் தொட்டியில் இருந்தீர்கள். வாசலில் பையைக்கூட வைக்கவில்லை, என்னைப் பிடித்துக்கொண்டாள். "மயினி, மாடு தண்ணி குடிச்ச தொட்டியிலயா எங்கம்மையப் போட்டு வச்சிருக்கீங்க? நல்லாருக்கா இது? யம்மா, நீ மதுரைக்கு வந்துரு. அங்கன குழாய்ல தண்ணி வருது. நான் பாத்துக்கிடுதேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு மூலையில், போனால் போகட்டும், கொஞ்சம் தூங்கலாம் என்றும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தண்ணீரில் கிடந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"இந்தத் தொட்டியவும் தூக்கிட்டுப் போவியாட்டி?"

"அது எதுக்கும்மா? அத எப்படித் தூக்க?"

"அப்ப நீ போயிட்டு வா" என்றீர்கள்.

அத்தை, நீங்கள் விட்டுப் போக மனமில்லாமல் இருந்தது தொட்டியையா, என்னையா? கேட்டிருக்கலாம். கேட்டால் தொட்டியைத்தான் என்று சொல்லிவிடுவீர்களோ என்று கேட்கவில்லை.

மார்கழியில் நீங்கள் போனீர்கள். உங்கள் மகன் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. புறவாசலில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதார். இப்போது திரும்பப் போய்விட்டார். அடுத்த வருஷம் பட்டாளத்தை விட்டு வந்துவிடுவதாக எழுதியிருக்கிறார். வடகரையில் நடவு முடிந்தது.

பண்பொழிக்காரர் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லையாம். பேர் வள்ளி. சின்ன வயசு. நீங்கள் உட்கார்ந்த இடத்தில் வெள்ளை மறுபடி தேய்ந்துபோயிருந்தது. "அடிச்சுத் தர முடியுமாம்மா?" என்று கேட்டார். கையைத் தூக்கவே எனக்குத் தெம்பில்லை அத்தை. மைதீன் அண்ணாச்சி ஷெட்டுக்கு வழி சொல்லி அனுப்பினேன். அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் வண்டியோடு கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். "அவளத் தூக்கவே பயமா இருக்கும்மா. எங்கன பிடிக்கணும்னு தெரியல" என்றார்.

பூச்சு காய்ந்ததும் சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பஸ் ஏறிப் பண்பொழிக்குப் போவேன். அந்தப் பெண்ணை வலிக்காமல் தூக்கி இறக்குவது எப்படி என்று அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் தூங்குவேன். யார் தட்டினாலும் எழுந்திருக்கமாட்டேன். நீங்கள் கூப்பிட்டால் மட்டும் எழுந்து வருவேன், சத்தியமாக.

இப்படிக்கு,
உங்கள் மகன் கட்டிய, நீங்கள் கடைசியில் வைத்துக்கொண்ட
மருமகள் ஆவுடை