ரெட்டையா, ரெண்டு பேரா?

என் அருமை மாப்ளே அருள்,

என் தங்கச்சி ஸ்டெல்லாவைக் கட்டினதிலிருந்து உன்னை 'நீங்க, வாங்க' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். நேவியில் ஒரே தட்டில் சாப்பிட்டவனுக்கு எங்கிருந்து மரியாதை வரும்? வீட்டில் 'மாப்பிள்ளை, வாங்க', ஆற்றில் இறங்கினால் 'டேய்' என்று ஓட்டினோம். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டப் போவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னதான்டா சொன்னாய்?

நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். மதகுகளில் வந்து அடைக்கும் மரத்தையும் முள்ளையும் எடுக்க நாம் முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவோமே, அந்தப் பழைய காற்றுச் சிலிண்டர் இரண்டும் துருப்பிடித்துப் போயின. இனி காற்று அடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ரீரங்கத்துக் காண்ட்ராக்டர் புதிது வாங்கித் தருகிறேன் என்றார். பெரிய ஒத்தைச் சிலிண்டர் என்றால் ஆளுக்கு ஒன்றாக இரண்டு. இல்லையென்றால் இரண்டு சின்ன சிலிண்டரைக் குழாய் போட்டு இணைத்த ரெட்டை, ஒரே செட், ஒரு ஆளுக்கு. இதில் ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும். நீ மூச்சுக்குத் திணறிக்கொண்டு படுத்திருக்கிறாய், நான் கட்டில் ஓரத்தில் நின்று "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ரெண்டு..." என்றாய். இருமல் வந்தது. "...இருக்கணும்டா" என்று முடித்தாய். நர்ஸம்மா நீ தலையணை கேட்கிறாய் என்று நினைத்து இன்னொன்றைக் கொண்டுவந்து முதுகுக்கு வைத்தார். நீயும் அதில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் விடிந்தபோது நீ இல்லை.

அந்த இருமல் எந்த வார்த்தையை முழுங்கியது? ஆளைச் சொல்வதென்றால் 'ரெண்டு பேர்' என்று சொல்லியிருப்பாய். சிலிண்டரைச் சொல்வதென்றால் நான் கேட்ட மாதிரியே 'ரெட்டை' என்று சொல்லியிருக்கலாமே. ஒரு நாள் இப்படித் தோன்றுகிறது, மறுநாள் அப்படி. மண்டை காய்கிறது, மாப்ளே.

உனக்கோ ரெட்டை என்றாலே ஆகாது. குழாய் கூடினால் கசிகிற இடமும் கூடும், ஒரு வாஷர் போனால் இரண்டும் போச்சு என்பாய். நான்தான் ரெட்டைக்கு ஆசைப்பட்டவன். பெரிய சிலிண்டர் முதுகில் கூன் மாதிரி துருத்திக்கொண்டு மதகுக்குள் நுழையும்போதெல்லாம் மேலே இடிக்கும். சின்னது இரண்டும் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். சாகும்போதாவது என் கட்சிக்கு வந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சாதகமாக இருந்ததால் அப்படி நினைத்தேனோ என்னவோ.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ போனபிறகு ஒரு இரவல் ஒத்தைச் சிலிண்டரோடு நான் தனியாகத்தான் இறங்குகிறேன். காண்ட்ராக்டர் கதிர்வேலை அனுப்பினார். உப்பிலியபுரத்து ஆள், அவனும் நேவியில் முத்துக்குளிக்காத குறையாக மூழ்கி எழுந்தவன், நல்ல வேலைக்காரன். நான் அவனைக் கரையிலேயே உட்கார வைத்தேன். பிறகு வரவே வேண்டாம் என்றேன். காரணம் கேட்டான். வாய் ஓயாமல் பேசுகிறாய் என்றேன், பாவம். நீ இருந்த இடத்தில் இன்னொருத்தன் கையைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது, அவ்வளவுதான். ரெட்டை இருந்தால் எவனும் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம், காண்ட்ராக்டர் எங்கேயோ சொல்லி ஒரு ரெட்டையை இரவல் வாங்கித் தந்தார், போட்டுப் பார்க்கட்டும் என்று. போட்டேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, மேலே ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. மனசுக்குள் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். அப்போதுதான் மரத்தோடு வந்த முள்கம்பி கணுக்காலைச் சுற்றியது. குனிய இடமில்லை. கலங்கல் தண்ணீரில் என் கையே எனக்குத் தெரியவில்லை. மூச்சுக்குக் குறைவில்லை, இரண்டு சிலிண்டரிலும் நிறையக் காற்று. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பின்னால் கையை நீட்டி உன்னைத் தேடினேன், அருள். நீ செத்துப்போனது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் இல்லை.

எப்படியோ காலைத் திருகி இழுத்து, தோல் உரிய வெளியே வந்தேன். கரையில் காண்ட்ராக்டரின் ஸ்டோர் வாட்ச்மேன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. எதுவும் நடக்காத மாதிரி டீ வாங்கிக் குடித்துவிட்டுப் பாலக்கரை பஸ்ஸில் ஏறினேன்.

ஸ்டெல்லா காலைப் பார்த்துவிட்டாள். கம்பி பட்டுச்சு என்று மழுப்பினேன். அவள் மருந்து போட்டபடியே நிதானமாகச் சொன்னாள்: "அவர் ரெண்டு ஆளைத்தான் சொன்னார், அண்ணே. சிலிண்டருக்குக் கை இருக்கா?"

அவள் அதைக் கேட்டிருக்கவே முடியாது. நீ பேசியபோது அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போயிருந்தாள்; பிறகு நான் புலம்பித்தான் அவள் காதுக்கு வந்தது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். காலில் போட்ட கட்டை அவிழ்த்து, இன்னும் இறுக்கி மறுபடியும் கட்டினாள்.

நேற்று காண்ட்ராக்டர், "பம்பாய்க்குத் தந்தி கொடுக்கணும், ஏதாவது ஒண்ணு சொல்லுங்கோ" என்றார். பெரிய ஒத்தை, ஆளுக்கு ஒன்றாக இரண்டு என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயோடு பஸ் ஏறித் திருவானைக்காவலில் இறங்கி, கதிர்வேல் தங்கியிருக்கும் லாட்ஜ் கதவைத் தட்டி மன்னிப்பும் கேட்டேன். அவன் ஒரு மணி நேரம் பேசினான். காது வலித்தாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்பவும் எனக்குத் தெளிவாகவில்லை. நீ ரெட்டையைத்தான் சொன்னாயோ? அப்படியென்றால் உன் கடைசிப் பேச்சையே நான் மீறிவிட்டேன். திட்டிக்கொள். நீ உயிரோடு இருந்து சொன்னதையே நான் எந்தக் காலத்தில் கேட்டேன்?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். கூட ஒருத்தன் இல்லாமல் இனி நான் தண்ணீரில் இறங்க மாட்டேன். இருட்டில் கையை நீட்டினால் அங்கே கதிர்வேல் இருப்பான். நீ இல்லை என்பதை நான் அப்போதுதான் நம்ப வேண்டியிருக்கும். நம்பிக்கொள்கிறேன்.

உன் மச்சான்,
ஸ்டெல்லாவுக்கு மிஞ்சியிருக்கிற அண்ணன்,
சவரிமுத்து