நீ கொஞ்சம் வெளியே இரும்மா

மார்ச் 3, திங்கள்

கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு போட்டு அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். என்னோடு இருக்க வந்ததிலிருந்து ஆள் பாதியாகிவிட்டார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார், அதுவும் எனக்குத் தெரியாமல். வழியெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டிய கால், சும்மா இருக்காது.

அப்பாவுக்கு இந்த ஊர் மொழி ஒரு வார்த்தை தெரியாது. டாக்டருக்கு நம் மொழி தெரியாது. நடுவில் நான். டாக்டர் ஒல்லியாக, என்னைவிடச் சின்னவர். நான் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன், அவரோ அப்பாவின் கண்ணைப் பார்த்தே பேசுகிறார். அப்பா மரியாதைக்குத் தலை குனிந்துகொண்டார். "எதையாவது மறைக்கிறாரா?" என்று என்னிடம் கேட்டார் டாக்டர். எரிச்சலாக வந்தது.

பிறகு அந்தக் கேள்வி. வெளிக்குப் போவது எப்படி, நிறம் மாறியிருக்கிறதா, ரத்தம் வருகிறதா, வலி எங்கே என்று விலாவாரியாகக் கேட்டார். நான் அப்பாவிடம் கேட்டது இவ்வளவுதான்: "வயிறெல்லாம் சரியா இருக்காப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"இல்லை" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவை வைத்தார். "நான் கேட்டது நீளமாக இருந்தது, நீங்கள் கேட்டது ரொம்பச் சின்னதாக இருக்கிறதே?" எங்கள் மொழி சுருக்கமானது என்றேன். அவர் சிரிக்கவில்லை. மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது, இலவசம், அடுத்த முறை வரச் சொல்லட்டுமா என்றார். மகள் நான் இருக்கும்போது எவனோ எதற்கு? வேண்டாம் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பா நான் எழுவதற்குள் தன் துணிகளைத் தானே துவைத்துவிடுகிறார். பால்கனியில் துண்டும் உள்ளாடைகளும் சொட்டிக்கொண்டிருந்தன. மெஷின் எதற்கு வாங்கிப் போட்டிருக்கிறேன் என்று அதட்டினேன்.

"கை சும்மா இருந்தா துருப்பிடிச்சுடும் மேனேஜர்" என்றார். வீட்டில் எல்லோரையும் மிரட்டுவதால் சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தப் பெயர்.

துண்டை எடுத்து மடித்தேன். ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை, எவ்வளவு கசக்கியும் போகாதது. துரு என்று நினைத்துக்கொண்டேன். பால்கனிக் கம்பியில் துரு இருக்கிறதா என்று போய்ப் பார்க்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அப்பா சோபாவில் உட்காருவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் பேப்பர். கேட்டால் முதுகுக்கு நல்லதாம்.

மார்ச் 21, வெள்ளி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உடம்பில் ரத்தமே இல்லை என்கிறார் டாக்டர். "எங்கேயோ கசிகிறது. தெளிவாகக் கேளுங்கள்."

கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தைகள் எனக்குத் தெரியாதவையா? கடையில் நாளெல்லாம் இரண்டு மொழியிலும் பேசித்தான் வயிறு வளர்க்கிறேன். ஆனால் அப்பாவைப் பார்த்து அந்த வார்த்தைகளை எப்படிச் சொல்வது? அவர் காது மடல் சிவந்துவிட்டது. நான் கேட்பதற்கு முன்பே, "ஒண்ணுமில்லன்னு சொல்லிடும்மா. வயசாச்சு, அவ்வளவுதான்" என்றார்.

அதையே சொன்னேன். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீங்கள் வேண்டாம் என்றாலும் அடுத்த முறை மொழிபெயர்ப்பாளர் இருப்பார் என்றார். என்னை நம்பவில்லை! பெற்ற அப்பாவுக்கு நான் கெடுதல் செய்வேனா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்?

மார்ச் 27, வியாழன்

குப்பை போடப் போனேன். அடியில் ஒரு கறுப்புப் பை, இறுக்கி ரெண்டு முடிச்சு. பிரிச்சிருக்கக் கூடாது. பிரிச்சுட்டேன். பஞ்சு, கிழிச்ச பனியன் துணி — எல்லாம் சிவப்பு. ஐயோ, எவ்வளவு சிவப்பு.

பாத்ரூமில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்றுதான் திறந்துவிட்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. கதவைத் தட்டினேன்.

"அப்பா?"

"வர்றேம்மா. நீ கடைக்குக் கெளம்பு."

முனகலை மென்று விழுங்கிய குரல். கதவுக்கு இந்தப் பக்கம் பையோடு நின்றேன். கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? நான் எங்கே வைத்துக்கொள்வேன்? பையை மறுபடி முடிந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவருக்குத் தெரியாது.

கடைக்குப் போகவில்லை. தெருமுனையில் நின்று டாக்டருக்குப் போன் செய்தேன். அந்த மொழிபெயர்ப்பாளரை வரச் சொல்லுங்கள், சீக்கிரம் என்றேன். ரத்தம் என்ற வார்த்தையைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

மொழிபெயர்ப்பாளர் அப்பா வயதுக்காரர். வழுக்கைத் தலை, தோளில் ஜோல்னாப் பை. "வணக்கம் சார், பஸ் ஓட்டுனீங்களாமே? எந்நேரமும் அடக்கிக்கிட்டே உக்காந்திருக்கணும், கொடுமையான வேலை" என்றார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். "மேனேஜர், நீ கொஞ்சம் வெளியே இரும்மா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு வழியாக வார்த்தை எதுவும் விளங்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. அப்பா பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். என்னிடம் "ம்" என்றும் "ஒண்ணுமில்ல" என்றும் சொன்ன மனிதர். எனக்கு அழுகை வந்தது. கூடவே கொஞ்சம் பொறாமையும்.

மொழிபெயர்ப்பாளர் வெளியே வந்ததும் ஓடிப்போய், "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"அதை அவர்தாம்மா உங்களுக்குச் சொல்லணும். உள்ளதான் நான் வாய். வெளிய வந்தா மூடிக்கணும்."

ஏப்ரல் 8, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதைத் துணுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இங்கே யாரும் "பயப்படாதீங்க" என்று சொல்வதில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

முடிவு சொல்லும் நாள். முன்னதாகவே போய் டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். எதுவாக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள், அப்பாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். நம் பக்கத்தில் அப்படித்தானே? அம்மாவுக்கு வந்தபோது டாக்டர் அப்பாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுத்தான் சொன்னார். அம்மா கடைசிவரை அல்சர் என்றே நம்பினாள். நம்பினாள் என்று நாங்கள் நம்பினோம்.

டாக்டர் கோபப்படவில்லை. இங்கே நோயாளிக்குத்தான் முதலில் சொல்வோம், யாருக்குச் சொல்லலாம் என்று அவர்தான் முடிவு செய்வார் என்றார். சொன்னபடியே அப்பாவிடம் கேட்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார், கூட்டாமல் குறைக்காமல். "உங்க நோயைப் பத்தி மகள்கிட்ட சொல்லலாமா சார்?"

அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பி, "வேண்டாம்" என்றார்.

சண்டை போட்டேன். நான் நீங்க பெத்த பொண்ணு இல்லையா, எனக்குத் தெரிய வேணாமான்னு கத்தினேன். நர்ஸ் என் தோளைத் தொட்டு வெளியே கூட்டி வந்தாள்.

வெகுநேரம் கழித்து அப்பா வந்தார். முகம் கழுவியிருந்தார், தலை கூட வாரியிருந்தது. என்னப்பா சொன்னாங்க என்றேன். "மாத்திரை மாத்தியிருக்காங்க" என்றார்.

சாயங்காலம் காபி குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஊர்ல இருக்கிற உன் அண்ணனுக்கு ஒரு போன் போடும்மா. அவசரம்னு சொல்லாத. சும்மா பாக்கணும்போல இருக்குன்னு சொல்லு. ஆனா இந்த மாசத்துக்குள்ளயே வரச் சொல்லு. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் எதிரிலேயே போன் போட்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு சொல் விடாமல். இன்றைக்கே டிக்கெட் பார்க்கிறேன் என்றான் அண்ணன்.