டிக்கெட் வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்குள்

அன்பு மகளுக்கு,

அங்கே நீ சுகம்தானே. இங்கே நாங்களும் சுகம் என்று எழுத வந்து பேனா நின்றுவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன். இருமல் விட்டதா? மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.

குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட, விடுமுறையில் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டப்போகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா. மாவு மில்லாக இருந்த வீடு, தபால் நிலையமாக இருந்த வீடு, பிறகு தீயணைப்பு நிலையமாக இருந்த நம் வீடு. ஒரு விதி. வீட்டுக்காரர்கள் உள்ளே இருக்கக் கூடாது, இருந்தால் பேசிப் பேசிக் கூட்டத்தை நகரவிட மாட்டார்களாம். அறைக்கு ஒருவராக, நிதி திரட்டும் சங்கத்தாரே நின்று கதை சொல்வார்கள். அப்பா காலையிலேயே நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிக்கெட் வாங்கி, செருப்புக்கு மேல் துணி உறை மாட்டிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நம் வீட்டுக்குள் போனேன். சிரிக்காதே. தண்டவாளம் மாதிரி நீண்ட அந்தக் கீழ்க்கூடத்தைக் காட்டி, இங்கேதான் தீயணைப்பு வண்டி மணி அடிக்கும்வரை தூங்கும் என்றார் ஒருவர். இப்போதும் ஒருவர் அங்கேதான் தூங்குகிறார், எந்த மணிக்கும் எழுவதில்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

மாடியில் ஒரு கணவன் மனைவி. கதை கேட்கவில்லை. அவர் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார். ஏங்க, பாக்கறாங்க என்றாள் அவள். பாக்கட்டுமே, பெரியவர் விக்கறதுக்குச் சரின்னுட்டாரு, அந்தம்மாகிட்ட அவரே சொல்லிக்கறாராம், வெளியூர்ல இருக்கற பொண்ணு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது என்றார். வீரர்கள் கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்கிய அந்த ஓட்டையை எட்டிப் பார்த்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். நீங்களே சொல்லுங்கம்மா, நடு வீட்ல இப்படி ஒரு ஓட்டையை வச்சுக்கிட்டு யாராவது குடும்பம் நடத்துவாங்களா? நடத்தறாங்களே என்றேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும் கேட்டேன். யாரோ சும்மா விசாரிச்சாங்க என்றார். பொய். அவருக்குப் பொய் சொல்ல வராது, மூக்கைத் தடவுவார். நான் கத்தினேன். எழுதக்கூடியது அல்ல அதெல்லாம். இத்தனை வருஷமும் நான் இந்த வீட்டில் வாடகைக்கா இருந்தேன் என்றுகூடக் கேட்டேன். அவர் நேராகச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க என்றேன். நீ எங்க நிக்கறே என்றார்.

பக்கத்தில்தான் நின்றேன். கை நீட்டினால் தொடும் தூரம்.

பிறகு மெதுவாகச் சொன்னார். இரண்டு பக்கமும் இருட்டிவிட்டது, நடுவில் மட்டும் ஒரு ஜன்னல் அளவு தெரிகிறது. அதுவும் மூடிவிடும், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வாரம் ஓட்டையின் கட்டைச் சுவரில் கால் இடித்து முன்னால் சாய்ந்திருக்கிறார், கம்பம் கையில் அகப்பட்டது. நான் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன். உனக்கு இந்த வீடுன்னா உயிரு, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை என்றார். தரையோடு தரையாக ஒரு சின்ன வீடு, கண் இருக்கும்போதே போய்ச் சுவரும் கதவும் கைக்குப் பழகிவிட வேண்டுமாம்.

இரண்டு நாள் நான் பேசவில்லை. இன்று காலையில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். போடும்போது கோபம் போகவில்லை, இப்போதும் போகவில்லை. சொல்லாமல் இருந்ததற்குத்தான், வீட்டுக்கு அல்ல.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்வார். வீடு பெரிசு, பெருக்கி மாளவில்லை என்பார், கண்ணைப் பற்றிப் பேச மாட்டார். நீயும் கேட்காதே. சரிப்பா என்று மட்டும் சொல். ஆனால் காகிதத்தைத் தபாலில் அனுப்பச் சொல்லாதே. நேரில் வந்துதான் போடுவேன் என்று பிடிவாதம் பிடி, சின்ன வயதில் பிடிப்பாயே, அப்படி. லீவு தர மாட்டார்கள் என்று எனக்கு எழுதாதே. வந்து அவருக்கு நேர் எதிரே உட்கார், பக்கத்தில் வேண்டாம். உன் முகத்தை அவர் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

நல்லா இரு. நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

அம்மா