போல்டே மாமா சொன்ன வட்டம்

மெட்லிகா, நவம்பர் 25, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நேஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அப்பா நலம், பூனை தேவைக்கு அதிகமாகவே நலம். தேனீக்களின் நலம் மார்ச்சில் பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். உன் போல்டே மாமாவை இந்த வரிசையில் எங்கே சேர்ப்பதென்று தெரியாததால் அவரைப் பற்றித் தனியாகக் கீழே எழுதுகிறேன். நீ அந்த ஒசாகாவில் பச்சை மீனைத் தின்று எந்தக் கோளாறும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். மாமாவின் உத்தரவு. முப்பத்தொரு வருடம் இந்த மலையெல்லாம் தபால் சுமந்தவர், போனில் சொன்ன எதையும் சொன்னதாகவே ஒத்துக்கொள்வதில்லை.

மாமாவுக்குக் கணையத்தில் புற்று என்று அக்டோபரில் எழுதியிருந்தேன். இப்போது டாக்டர் கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் தைரியமாகப் பேசுகிறார், அதற்கப்புறம் தொண்டையைச் செருமுகிறார். வேலை அதிகம், ஈஸ்டருக்கு வருகிறேன் என்று நீ சொன்னதை மாமாவிடம் சொன்னேன். "ஈஸ்டருக்கா, நல்லது, முட்டைக்கெல்லாம் அவளையே சாயம் அடிக்கச் சொல்லு, நான் கீழேருந்து பாத்துக்கறேன்" என்றார். நான் அழுதேன். அவர் என் மூக்கு சிவந்ததைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் ஐம்பது வருடமாக இதே வழக்கம்.

இதற்கு நடுவில்தான் வாக்கெடுப்பு வந்தது. இனிமேல் பிழைக்க வழியில்லாத நோயாளி தானே கேட்டுக்கொண்டால், உயிரை முடித்துக்கொள்ள டாக்டர்கள் உதவலாம் என்ற சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று. நாடு முழுக்க மனிதர்கள் அதைப் பற்றி வெறும் வாயால் பேசினார்கள். நம் ஊரில் மட்டும் அப்படிப்பட்ட நோயாளியே கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தார். சாகக் கிடக்கிறவர் என்று ஊருக்கு ஒருவர்தான் இருந்ததால் எல்லாரும் மாமா வீட்டுக்கு வந்து, தங்கள் கருத்தை அவரிடம் சரிபார்த்துக்கொண்டு போனார்கள். வெறுங்கையோடு வரவில்லை. மாமா சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார், சட்டம் வேண்டாம் என்கிறவர்கள் தின்பதற்குக் கொண்டுவருகிறார்கள், வேண்டும் என்கிறவர்கள் குடிப்பதற்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினார். "ஸ்டென்கா, இந்த நாட்டுல மாசம் ஒரு வாக்கெடுப்பு வச்சாங்கன்னா நான் சாகவே மாட்டேன்டி" என்றார். உள்ளே எதுவும் தங்குவதில்லை, இரண்டு வாய் தின்றால் மூன்றாவது வெளியே வருகிறது. பாதிப் பலகாரத்தை நான்தான் தின்றேன். பாவாடை இடுப்பில் ஏற மறுக்கிறது.

பக்கத்து வீட்டு டோன்ச்கா சுடச்சுடப் பொகாச்சா ரொட்டியோடு வந்து, வேதனைக்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது போல்டே என்றாள். "அப்போ போன வருஷம் உன் கடவாப்பல்லுக்கு ஏண்டியம்மா மரத்துப்போற ஊசி போட்டுக்கிட்ட, கொஞ்சம் அர்த்தத்தோட புடுங்கியிருக்கலாமே" என்று மாமா கேட்டார். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனாலும் ரொட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை, நல்லவள். மறுநாள் பள்ளிக்கூட வாத்தியார் சிரில் ஒரு பாட்டில் பிளம் சாராயத்தோடு வந்து, கண்ணியம், மனிதனின் உரிமை என்று இருபது நிமிடம் பேசினார். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாரே, அருமையான பேச்சு. ஆனா வந்ததுலேருந்து என்னைப் பாக்காம சன்னலையே பாத்துப் பேசுறீங்களே, சன்னலுக்கு ஒண்ணும் வியாதி இல்லையே" என்றார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு வாக்கெடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மூன்று ஆட்டம் சீட்டு விளையாடினார். மூன்றிலும் தோற்றார், வேண்டுமென்றே என்று மாமா கோபித்துக்கொண்டார்.

உன் அப்பா முதல் நாளிலிருந்து ஒரே கட்சி, வேண்டாம் கட்சி. நான் அப்படியல்ல. மாமாவின் வாந்தி வாளியைக் கழுவுகிற நாளில் எனக்குச் சட்டம் வேண்டும் என்று தோன்றும். அவர் எழுந்து உட்கார்ந்து சூப் குடித்துவிட்டு என்னைக் கிண்டல் செய்கிற நாளில், இந்த மனுஷனுக்கா, எதற்கு, என்று தோன்றும். ஒரே வாரத்தில் நாலு தடவை கட்சி மாறினேன். அப்பா காலையில் காப்பி குடிக்கும்போது, இன்றைக்கு நீ எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுத்தான் செய்தித்தாளைத் திறப்பார்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் யாரும் பிரச்சாரம் செய்யக்கூடாது, அமைதி நாள் என்பது உனக்குத் தெரியும். வாக்குச்சாவடித் தலைவர் நம் தீயணைப்புப் படை ஸ்லாவ்கோதான். சாவைப் பற்றிய வாக்கெடுப்பு என்பதால் அன்றைக்குச் சாவைப் பற்றியே யாரும் வாய் திறக்கக்கூடாது என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே அறிவிப்புப் பலகையில் இருந்த மரண அறிவிப்பின் மேல் செய்தித்தாளை ஒட்டி மறைத்துவிட்டான். சனிக்கிழமை பத்து மணிக்குப் பீப்பாய் செய்கிற கிழவர் மத்தேவ்ஷின் அடக்கம். நேரம் தெரியாமல் பாதி ஊர் தாமதமாக வந்தது. பாவம் பாதிரியார், குழி ஓரத்தில் நின்றுகொண்டு, எதிரே சீருடையில் முறைத்துக்கொண்டு நிற்கிற ஸ்லாவ்கோவைப் பார்த்துப் பார்த்து, சாவு, முடிவு, மறுமை என்ற ஒரு சொல்லும் வராமல் பதினைந்து நிமிடம் பீப்பாய்களைப் பற்றியே பேசினார். ஓக் மரம் எத்தனை வருடம் காய வேண்டும் என்பது இப்போது ஊருக்கே தெரியும். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்தேன். கிழவரின் மகள் நான் அழுகிறேன் என்று நினைத்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிறன்று சாவடிக்குப் போக முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பெட்டி வரும் அல்லவா, மாமா வீட்டுக்கும் வந்தது. ஸ்லாவ்கோ கோட்டு போட்டுக்கொண்டு, பெட்டியை ஏதோ குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான், கூட இரண்டு பேர். மாமாவுக்கு விரல் நடுக்கம், பேனா நிற்கவில்லை. உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றான் ஸ்லாவ்கோ. மாமா என்னைக் காட்டினார். ஸ்லாவ்கோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போல்டே அண்ணே, நல்லா யோசிச்சுக்கங்க, இவங்க காதுல விழுந்தா அது அப்புறம் ரகசிய ஓட்டு இல்ல, மெட்லிகா வானொலி" என்றான். எனக்குக் கோபம் வந்தது, மறுக்கத்தான் முடியவில்லை. மாமா என்னைச் சத்தியம் செய்ய வைத்தார், வெளியே சொன்னால் இனி என் பொத்தீத்சா ரொட்டி ஒருநாளும் உப்பி எழக்கூடாது என்று. மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். மாமா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார், முகவரி புரியாத உறையைப் பார்க்கிற மாதிரி. பிறகு என் காதில் ஒரே ஒரு சொல் சொன்னார். நான் நினைத்திருந்த சொல் அல்ல அது. தாளில் அச்சாகியிருந்த இரண்டு சொற்களில் அதைச் சுற்றி வட்டம் போட்டேன். அவர் கை நடுங்குகிறது என்றுதானே என்னைக் கூப்பிட்டார், என் வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது.

நாட்டில் வேண்டாம் என்பதுதான் ஜெயித்தது, நீயும் படித்திருப்பாய். நம் சாவடியில் மூன்றே மூன்று வாக்கு வித்தியாசம். அதனால் இரண்டு கட்சிக்காரர்களும் போல்டே எங்கள் பக்கம்தான் என்கிறார்கள், நிரூபிக்கத்தான் என்னிடம் வருகிறார்கள். டோன்ச்கா ரொட்டி, சிரில் சாராயம், எல்லாம் இப்போது என் வாசலுக்கு. ஸ்லாவ்கோகூட, சட்டப்படி கேட்கக் கூடாதுதான் என்று தொடங்கினான். அப்பா சாப்பாட்டு மேஜையில், வாயால் சொல்ல வேண்டாம், ஒரு தடவை இருமினால் வேண்டும் கட்சி, இரண்டு தடவை இருமினால் வேண்டாம் கட்சி என்று பேரம் பேசினார். எனக்கு உண்மையாகவே சளி, இரண்டு நாளாக இருமலை அடக்கிக்கொண்டு திரிகிறேன். உன் அம்மா ஒரு விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருக்கிறாள் என்று ஊரில் யாருமே நம்பவில்லை, ஒருவேளை மாமா என்னிடம் சொல்லவே இல்லையோ என்றுகூடப் பேசுகிறார்கள். இந்த அவமானத்தையும் தாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மத்தியானம் மாமாவுக்குக் கால் தேய்த்துவிட்டுக்கொண்டே, இத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் இந்த ரகசியத்தைக் கொடுத்தாய் அண்ணா, சொல்லாமல் வயிறு வெடிக்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார், "மாமா சாகக் கெடக்கறான்னு எழுதினா, பாவம், நேஜா அழுவா, பூ அனுப்புவா. அம்மாகிட்ட ஒரு ரகசியம் இருக்கு, நேர்ல வந்தாத்தான் சொல்லுவாளாம்னு எழுது. அவ உன் வயித்துல பொறந்தவ. அடுத்த விமானத்துலேயே வந்து எறங்குவா." அப்புறம் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "உன் சத்தியத்துல அவ ஒருத்திக்கு மட்டும் விலக்கு. ஆனா என் முன்னாடி வச்சுத்தான் சொல்லணும், நான் சிரிக்கறதை அவ பாக்கணும். நான் போனப்புறம் கேட்டா சொல்லாத" என்றார்.

ஆகையால் கண்ணே, இதற்கு மேல் நான் எழுதுவதற்கில்லை. உன் அறையில் விரிப்பு மாற்றிவிட்டேன், அடுப்புக்கு விறகு போட்டு வைத்திருக்கிறேன். கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், நல்ல கோட்டு போட்டுக்கொள், விமானத்தில் கொடுப்பதைத் தின்னாதே. போன தடவை நீ அனுப்பினாயே, உள்ளங்காலில் ஒட்டினால் சூடேறுகிற பட்டை, அது தீர்ந்துவிட்டது, மாமாவின் பாதம் ஐஸ் மாதிரி இருக்கிறது, இரண்டு பெட்டி வேண்டும். தபாலில் அனுப்பாதே. டிசம்பரில் தபாலை நம்பக் கூடாது என்று மாமாவே சொல்கிறார்.

நீ வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா ஸ்டென்கா