கால் மணி நேரம் என்று நீ சொன்னது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் நலம். உன் அப்பாவும் நலம்தான், படியேறும்போது மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார், காரணம் கீழே வரும். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் இவர் பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவார், அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் தம்பி சங்கதி தெரிந்ததுதான். பஸ் டிப்போ வாலிபால் அணியில் இருக்கிறான் என்று பெயர், முதல் செட் முழுக்கத் தூக்கத்தில் நடப்பவன் மாதிரி நிற்பான், பந்து தரையில் விழுந்த பிறகு குதிப்பான். அவன் விழிப்பதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையும் தூங்கினால் இனி அணியில் பெயரே எழுத மாட்டேன் என்று அணியைப் பார்த்துக்கொள்ளும் ஃபோர்மேன் கறாராகச் சொல்லிவிட்டார். வேலை விட்டால் வாலிபால், அது தவிர ஒன்றும் அறியாத பிள்ளை, சோற்றைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன். ஆட்டக்காரர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிறவள் தம்பிக்கு ஒரு வழி சொல்லாமலா போவாய். நீயும் பொறுமையாகத்தான் சொன்னாய். சாயங்கால ஆட்டத்துக்குக் காலையிலேயே கால் மணி நேரம் உடம்பைத் தட்டி எழுப்ப வேண்டும், நாலு தாவல், இரண்டு குட்டி ஓட்டம், வியர்வை எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு ஓய்வெடுக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றாய். ஸ்பீக்கரில் நான் முழுதும் கேட்டேன். உன் அப்பா காதில் ‘காலையிலேயே’ வரைக்கும் விழுந்தது, மீதியை அவரே போட்டுக்கொண்டார்.

அதே டிப்போவில் ஓய்வு பெற்ற இன்ஜின் மெக்கானிக் அல்லவா, அவருக்கு மனிதனும் பஸ்ஸும் ஒன்று. “ஸ்டார்ட் பண்ண வண்டிய ஆற விட்டா சாயங்காலம் இழுக்குமா?” என்று கேட்டு, ஞாயிறு விடிவதற்குள் அணி முழுவதையும் டிப்போவுக்கு வரவழைத்துவிட்டார். தாவல் முடிந்தால் டயர் உருட்டல், டயர் முடிந்தால் பிரேக்டவுன் பஸ்ஸைத் தள்ளல். எல்லாவற்றையும் முன்னால் நின்று தானே செய்து காட்டினார், முழங்கால் கதை அதுதான். உன் தம்பியோ நான் எழுப்பியதும் “இதோ” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்து விரட்டினேன். அவன் போய்ச் சேர்ந்து, வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டு, நாலு தாவி இரண்டு ஓடியிருப்பான், அதற்குள் ஒரு கண்டக்டர் சுருண்டு உட்கார, ஃபோர்மேன் ஓடிவந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் நம் ஆட்கள் குதித்ததை நீ பார்த்திருக்க வேண்டும், காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு செருப்புகூட நுழையாது. உன் தம்பி மட்டும் முதல் பந்திலிருந்தே வலைக்கு மேல் தெரிந்தான். அவன் அடித்த அடியில் நான் பக்கத்திலிருந்த பெண்ணின் தோளை உலுக்கிக் கத்தினேன், அவள் எதிரணி கேப்டனின் மனைவியாம். பயிற்சியா, ஃபோர்மேன் மேல் இருந்த பயமா, எனக்குத் தெரியாது, பிள்ளை பழைய தூங்குமூஞ்சியாகவே இல்லை. ஒருவன் குதித்தால் போதுமா, தோற்றுத்தான் போனோம். ஆனாலும் ஃபோர்மேன் நேராக வந்து அவன் முதுகில் தட்டி “உன் பேரு இருக்கு” என்றார். பிறகு உன் அப்பாவைப் பார்த்து “அண்ணே, அடுத்த வாட்டி எல்லாரையும் உங்க பையன் வர்ற நேரத்துக்கே வரச் சொல்லிடுறேன், நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க” என்றார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இவர் முகத்தைப் பார்த்த பிறகு ஏன் சிரித்தோம் என்று ஆகிவிட்டது. அந்த வாரம் முழுக்க இவர் டிப்போ பேச்சையே எடுக்கவில்லை.

நேற்று அடுத்த ஆட்டம். உன் தம்பி யாரும் எழுப்பாமல் எழுந்து, அப்பாவின் கட்டில் பக்கத்தில் போய் நின்று, “அப்பா, நேரம் பாக்க ஆள் வேணும், வாங்க” என்றான். இவர் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னாலேயே போனார். வாசலில் அவன் தாவுகிறான், ஓடுகிறான், இவர் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கால் மணி நேரம் உன் அப்பா வாயே திறக்கவில்லையடி. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு கால் மணி நேரம் வாய்த்ததில்லை, அழுகை வந்துவிட்டது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க என் ஆசி. போன் செய்யும்போது அப்பாவிடம் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசு. புதிதாக எதையும் சொல்லிக்கொடுத்துவிடாதே.

உன் அம்மா