நான்காவது குழி

ஹா லெரபோ,
4 ஆகஸ்ட் 1995

அன்புள்ள செலிசோ அப்பாவுக்கு,

நானும் செலிசோவும் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? நாலு வரி எழுதக்கூட உங்கள் சுரங்கத்தில் நேரம் கொடுப்பதில்லையா?

அணைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மழை பிடித்தால் தண்ணீர் நம் வீடு வரை ஏறுமாம். அதற்கு முன் கல்லறைகளை மேட்டுக்கு மாற்றுகிறார்கள். முப்பதாம் தேதி நம் முறை. வீட்டுத் தலைவர் எழுதிக்கொடுத்த பட்டியலில் இருப்பவர்களைத்தான் எடுப்பார்களாம். "பொம்பளை கையெழுத்து செல்லாதும்மா" என்று குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டான்.

உங்கள் அப்பா, அம்மா, தம்பி. மொத்தம் நான்கு என்று எழுதி உடனே அனுப்புங்கள்.

உங்கள்
மாசெலிசோ

---

வெல்கம் சுரங்கம்,
13 ஆகஸ்ட்

அன்பு மாசெலிசோ,

மூன்று பேரைச் சொல்லிவிட்டு நான்கு என்று எழுதச் சொல்கிறாயே, தூக்கக் கலக்கமா? லீவு முடிந்து வந்த நம் ஊர்த் தபாங் இங்கே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். "உங்க பக்கத்து வீட்டு ரமோனே இருக்கானே, நாயைப் புதைச்ச இடத்தைக் காட்டி எங்க பெரியப்பான்னு எழுதிட்டான்யா!" கல்லறைக்கு ஒரு ஆடு தருகிறார்களாமே, அதற்கு நீயும் இறங்கிவிட்டாயா?

பொய்க் கல்லறைக்கு என் அப்பா பக்கத்தில் இடம் கிடையாது. மூன்று என்றுதான் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இருமல் அப்படியேதான் இருக்கிறது.

மொலேஃபி

---

ஹா லெரபோ,
19 ஆகஸ்ட்

செலிசோ அப்பாவுக்கு,

பொய்க் கல்லறை என்று எழுதிவிட்டீர்களே.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, வயிற்றில் தங்கவில்லை என்று உங்களுக்கு எழுதினோமே, அதுதான் பொய். நம் முதல் பையன் முழுசாகப் பிறந்தான். நான்கு நாள் பால் குடித்தான். ஐந்தாம் நாள் கண் திறக்கவில்லை. "பூமிக்கு அடியில இருக்கிறவனுக்கு இதை எழுதாதடி. மனசு தடுமாறி பாறையில மாட்டிக்குவான்" என்று உங்கள் அம்மாதான் தடுத்தார். பச்சைக் குழந்தை என்பதால் வழக்கப்படி வீட்டுப் பின்சுவர் ஓரம் புதைத்தோம். கல் வைக்கவில்லை. அம்மாவும் போய்விட்டார். அந்த இடம் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் மேல் தண்ணீர் நிற்கப்போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைத் திட்டுங்கள், லீவில் வந்து முகம் கொடுக்காமல் இருங்கள், தாங்கிக்கொள்கிறேன். நான்கு என்று மட்டும் எழுதிவிடுங்கள். இன்னும் பதினோரு நாள்தான்.

மாசெலிசோ

---

வெல்கம் சுரங்கம்,
25 ஆகஸ்ட்

மாசெலிசோ,

கடிதம் நேற்று வந்தது. எனக்குக் கோபம்தான். இல்லை என்று எழுதினால் நானும் பொய் சொன்னவனாவேன். அப்பா செத்த துக்கத்துக்குத்தான் அடுத்த பையனுக்கு அம்மா 'ஆறுதல்' என்று அர்த்தம் வர செலிசோ என்று பேர் வைத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, மடையன்!

நான்கு பேர் பட்டியலை ஊருக்கு வரும் லாரிக்காரரிடம் இத்துடன் கொடுத்திருக்கிறேன். குமாஸ்தாவிடம் சேர்த்துவிடு. மேஸ்திரி லீவு தரவில்லை. "போனா அப்படியே போயிடு, இங்க உனக்கு வேலை கிடையாது" என்கிறான். போகட்டும். செவ்வாய்க்கிழமை அங்கே இருப்பேன்.

பஸ் தாமதமானால் பின்சுவர் ஓரம் நின்று அவர்களை மறித்துக்கொள். அணைக்காரர்கள் மற்ற மூன்று பேரையும் எடுக்கட்டும். இவன் மேல் எவனும் கை வைக்கக்கூடாது. நான் அவனை ஒரு தடவைகூடத் தூக்கினதில்லை.

மொலேஃபி