தட்டில் ஒரு வாய்

ஒசாக்கா, ஜப்பான்
14-10-1936

கூடலூர் சுருளிவேல் மச்சானுக்குக் கர்ணன் கும்பிட்டு எழுதுவது.

உங்கள் தந்தி திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு மில்லுக்கு வந்தது. நூற்பு மெஷினுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். தங்கச்சி பூமாரி காய்ச்சலில் போய்விட்டாள், குழந்தையை மயிலாடும்பாறை பெரியக்காவுக்குத் தத்துக் கொடுக்கிறோம், வேலை பழகி முடித்து வரவும் என்று இருந்தது. படித்துவிட்டு பெல்ட்டை மாட்டி, இழுவை சரிபார்த்து, மெஷினை ஓடவிட்டேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

கொடுக்க வேண்டாம் என்று அன்றைக்கே பதில் தந்தி அடித்தேன். காரணத்தைத் தந்தியில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மில்லுக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஹரு என்று ஓர் அம்மாள் நடத்துகிறார். வெள்ளைக்காரன் சாப்பாட்டை ஜப்பான்காரன் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்ட கடை. தக்காளிச் சாற்றில் பிரட்டிய சோற்றை முட்டை அடைக்குள் சுற்றித் தருவார்கள். உருளைக்கிழங்கை மசித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, பக்கத்தில் பச்சை முட்டைக்கோசை நூலாக நறுக்கி வைப்பார்கள். இதை நான் எழுதியதற்கு, "பச்சைக் கோசைப் போடுறாகளே, உங்கள ஆடுன்னு நெனச்சாகளா? நான் வந்து தாளிச்சுத் தாரேன்" என்று பூமாரி சொல்ல, நீங்கள்தான் எழுதியனுப்பினீர்கள்.

நான் சாப்பிட்ட இலையில்தான் அவள் சாப்பிடுவாள். "சட்டியில சோறு இல்லாமயா? நீங்க வச்ச ஒரு வாய் இருந்தாத்தான் எனக்கு இறங்கும்" என்பாள். பழகிய கை இங்கேயும் ஒரு வாய் மிச்சம் வைத்தது. சோற்றை மிச்சம் வைப்பது இவர்களுக்கு மரியாதைக் குறைவு. சமையல் பிடிக்கவில்லையா என்று ஹரு அம்மாள் முகம் வாடினார். பெண்டாட்டிக்கு என்று அரைகுறை பாஷையில் சொன்னேன். அவள் கப்பலில் வருவதற்குள் ஆறிப்போகுமே என்று சிரித்தார். அன்றிலிருந்து தட்டை எடுக்கும்போதெல்லாம் எப்போது வருகிறாள் என்று கேட்பார்.

இன்றும் கேட்டார். வரமாட்டாள் என்பதற்கு இவர்கள் பாஷையில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியும், மச்சான். ஆனால் தட்டை என் பக்கம் இழுத்து அந்தக் கடைசி வாயையும் தின்றேன். பார்த்துக்கொண்டே நின்றவர், எதிரே உட்கார்ந்துவிட்டார்.

பெரியக்கா பிள்ளையை நன்றாக வைத்துக்கொள்வார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் கப்பலேறும்போது பூமாரி முழுகாமல் இருந்தாள். பாப்பாவை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மூக்கு யாரைப் போல என்று எழுதிக் கேட்டேன். "வந்து பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் பதில் வந்தது. வந்து பார்க்கிறேன். அதுவரை பூமாரியைப் பெற்ற அத்தையிடமே இருக்கட்டும். கூப்பிடுகிற பேரைக்கூட மாற்ற வேண்டாம். ஊரில் காய்ச்சல் இன்னும் ஓயவில்லையென்றால் ராத்திரி கொசுவலை போடச் சொல்லுங்கள்.

அடுத்த கப்பலுக்குச் சொல்லிவைத்துவிட்டேன். பயிற்சியை விட்டுப் போகாதே என்று சொல்ல மேனேஜர் இந்தக் கடை டெலிபோனுக்குத்தான் கூப்பிடுவார். மத்தியானத்திலிருந்து மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹரு அம்மாளிடம் சொல்லிவிட்டு, குழலை எடுத்து மேசையில் கிடத்திவிட்டேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பன்
கர்ணன்